பையில் உள்ளதும் வயிற்றில் கரைவதும்

கோழித் தீவனத்தில் சேர்க்கத் தாது உப்புக் கலவை வாங்க வருபவர் கடையில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்: "கால்சியம் எத்தனை சதவீதம்?" இக்கேள்வி தவறன்று; ஆனால் பாதிக் கேள்வி என்பதே என் கருத்து. அந்தக் கால்சியம் கோழியின் வயிற்று அமிலத்தில் எப்போது, எவ்வளவு வேகத்தில் கரையும் என்பது மீதிப் பாதி. அதை யாரும் கேட்பதில்லை.

முட்டையிடும் கோழியின் கணக்கைப் பாருங்கள். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் இதே பொருள்தான். இது தண்ணீரில் அநேகமாகக் கரையாது; அமிலத்தில் கரையும். கோழியின் இரைப்பையில் முதல் அறை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. அடுத்துள்ள அரைவைப்பை, பல் இல்லாத குறையைத் தீர்த்து, தீனியை அந்த அமிலத்தோடு சேர்த்து அரைக்கிறது. இங்கே கரைந்த கால்சியம்தான் குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர முடியும். கரையாதது எச்சத்தோடு வெளியே போய்விடும்.

ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. கோழியோ இருட்டில் இரை தின்பதில்லை. மாவாக அரைத்த சுண்ணாம்பு விரைவில் கரைந்தும் நகர்ந்தும் போய்விடுகிறது. நள்ளிரவில் வயிற்றில் அமிலம் இருக்கும்; கரைப்பதற்குப் பொருள் இராது. அப்போது கோழி என்ன செய்யும்? தன் எலும்பில் சேமித்த கால்சியத்தை எடுத்து ஓடு கட்டும்! நாள்தோறும் இப்படியே நடந்தால் ஓடும் மெலியும், எலும்பும் வலுவிழக்கும். சிறு சிறு துண்டுகளாக உடைத்த கிளிஞ்சலைக் கொடுத்தால் அவை அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கரைகின்றன. நைய அரைத்தால் நல்லது என்பது குழந்தைக்குச் சோறூட்டும் பாட்டிக்குச் சரி, கோழிக்குச் சரியன்று.

நம்பிக்கை வரவில்லையா? முட்டை ஓட்டைக் கழுவிக் காயவையுங்கள். ஒரே எடையில் ஒரு பங்கைத் துண்டுகளாகவும், மறு பங்கைப் பொடியாகவும் எடுத்து, இரு கண்ணாடிக் குவளைகளில் இட்டு, சம அளவு வினிகர் ஊற்றுங்கள். பொடி பொங்கி விரைவில் அடங்கிவிடும். துண்டுகளிலிருந்து நெடுநேரம் குமிழிகள் வந்துகொண்டிருக்கும்.

"அப்படியானால் மாவையே இரண்டு பங்கு போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். கூடாது. கார்பனேட் கரையும்போது அமிலமும் செலவாகிறது. அதோடு, மிகுந்த கால்சியம் மற்றத் தாதுக்களின் வழியையும் அடைக்கும். 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமாவில் டக்கர், சால்மன் என்னும் ஆய்வாளர்கள், பன்றிகளின் தோல் தடித்துச் செதிலாகும் ஒரு நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று காட்டினர். தீவனத்தில் கால்சியம் மிகுந்தால் அந்நோய் கடுமையாகும். தானியங்களில் உள்ள ஃபைடிக் அமிலம், கால்சியம், துத்தநாகம் ஆகிய மூன்றும், அமிலம் குறைந்த குடலை அடைந்ததும் ஒன்றுகூடிக் கரையாத படிவாகிவிடுவதே இதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. துத்தநாகம் தொட்டியில் இருந்தது, பன்றிக்குக் கிடைக்கவில்லை!

இரும்பும் அப்படித்தான். இரும்பு ஆக்சைடு கலவைக்குச் செந்நிறம் தரும். சதவீதக் கணக்கையும் உயர்த்திக் காட்டும். ஆனால் அது துருவைப் போன்றது. வயிற்றில் எளிதில் கரையாததால் உடலில் சேர்வது மிகக் குறைவு. இரும்பு சல்பேட்டு கரையும். பையின் மேல் 'இரும்பு' என்று மட்டும் அச்சிடுவது வாங்குபவருக்கு நியாயம் செய்வதாகாது. எந்தச் சேர்மம், துண்டா பொடியா என்பதையும் அச்சிட வேண்டும் என்பேன்.

உங்கள் வீட்டில் கோழி இருந்தால், பிற்பகலில் ஒரு தட்டில் உடைத்த கிளிஞ்சலைத் தனியே வைத்துப் பாருங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே பொறுக்கிக்கொள்ளும். சேவல் அதை அவ்வளவாகச் சீண்டாது.