ஏற்றிய பூஸ்ட்டை இறக்கினாயா?

நண்பன் ஒருவன் பழைய காரில் டர்போ மாட்டி ரேஸ் காராக்கி வைத்திருக்கிறான். இரண்டு வருஷச் சேமிப்பு! போன மாசம், 'ஊட்டிக்கு வாடா' என்று ஏற்றிக்கொண்டான். நிலம்பூர், வழிக்கடவு தாண்டி மலையேறி, நாடுகாணி ஜங்ஷனில் டீக்கு நிறுத்தினோம். பேர்தான் நாடுகாணி. மூடுபனியில் எதிர்க்கடையைக்கூடக் காணோம்.

"இழுவை கம்மியா இருக்குடா. பூஸ்ட்டை ஏத்திடறேன்" என்று பானெட்டைத் திறந்தான். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். முப்பது வருஷ மெக்கானிக்காம்.

"இப்ப எவ்வளவு தம்பி?"

"ஒரு பார் அண்ணே."

"அது வெளிக்காத்துக்கு மேல ஒரு பார். வெளிக்காத்தே கம்மின்னா?"

டீ கிளாஸோடு கணக்குப் போட்டேன். கடல் மட்டத்தில் வெளிக்காற்று சுமார் 1 பார். டர்போ தருவது 1. ஆக மொத்தம் 2. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே வெளிக்காற்று 0.77தான். மொத்தம் 1.77. மறுபடி 2 ஆக்க மீட்டரில் 1.23 வரணும். அதாவது காற்றை இரண்டு மடங்கு அழுத்திக்கொண்டிருந்த டர்போ, இனி 2.6 மடங்கு அழுத்தணும். சுற்றும் வேகம் கூடும், காற்று கொதிக்கும், 'நாக்கிங்' வரும். குளிர வைக்கிற இன்டர்கூலருக்கும் கிடைப்பது அதே மெலிந்த காற்றுதான்!

மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய ஊட்டி உயரம்தான். 2015-ல் ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கே திரும்பியபோது இதே தலைவலி. டர்போ நிமிஷத்துக்கு 1,25,000 சுற்றைத் தாண்டக்கூடாது என்று விதி வேறு. கோடிகளைக் கொட்டுகிறவர்களுக்கே ஒரு எல்லை இருக்கிறது. நம்மாளுக்கு?

"ஏத்தறதுன்னா கொஞ்சூண்டு ஏத்து. இக்னிஷனைக் கொஞ்சம் பின்னால தள்ளு. ஆனா, கீழ எறங்கறப்ப மறக்காம குறைச்சுடு தம்பி. மேல ஏத்தி எஞ்சினைக் கெடுத்தவனைவிட, கீழ போய் குறைக்க மறந்து கெடுத்தவன்தான் ஜாஸ்தி" என்றார்.

வாஸ்தவம். 1.23-ஐ அப்படியே விட்டால் சமவெளியில் மொத்தம் 2.23. பிஸ்டனுக்குப் பிண்டம்தான்!

திரும்பும்போது அதே டீக்கடையில் நிறுத்தி, சமர்த்தாகக் குறைத்தான். எஞ்சின் பிழைத்தது.

எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. மார்ச் மாச டார்கெட்டுக்காக ஏற்றின பூஸ்ட்டை ஏப்ரலில் இறக்க எந்த மேனேஜருக்காவது ஞாபகம் வருகிறதா, சார்?