உள்ளே போனவங்க எப்ப வெளியே வரணும்?

போன வாரம் ஆபீசில் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்ன குருக்ஷேத்திரம். "அமெரிக்காக்காரன் ஆப்கானிஸ்தானை அம்போன்னு விட்டுட்டு வந்தது தப்புடா" என்றான் ஒரு நண்பன். "போனதே தப்பு, இதுல வந்தது வேற தப்பா?" என்றான் இன்னொருத்தன். தயிர்சாதம் காலியானதுதான் மிச்சம். அதான் இங்கே வந்து புலம்பறேன்.

என்னைக் கேட்டால் இது இரண்டு தனித்தனிக் கேள்வி. போனது நியாயமா? இருந்ததும் வந்ததும் நியாயமா? முதல் பரீட்சையில் வாங்கின மார்க்கை இரண்டாவதில் கூட்டிக்க முடியாது.

கம்போடியாவைப் பாருங்க. போல்பாட் ஆட்சியில் நாலு வருஷத்துக்குள் 15 லட்சத்துக்கும் மேலானவர்கள் செத்தார்கள். 1978 டிசம்பரில் வியட்நாம் படை புகுந்தது. 1979 ஜனவரி 7-ல் நாம்பென் விழுந்தது. எல்லைத் தகராறுக்காகத்தான் போனார்கள், தர்மம் பண்ண இல்லை. இருந்தாலும் கொலை நின்றதே, அது பெரிசு. ஆனால் அந்தப் படை கிளம்பினது 1989 செப்டம்பரில்! தீயை அணைக்க வந்தவர் பத்து வருஷம் திண்ணையிலேயே படுத்திருந்தால் என்ன சொல்வீங்க?

பங்களாதேஷில் வேற மாதிரி. 1971 டிசம்பர் 16-ல் பாகிஸ்தான் படை சரண். 1972 ஜனவரி 10-ல் முஜிபுர் ரஹ்மான் டாக்கா திரும்பினார். படையை எப்ப எடுக்கறீங்க என்று இந்திராவிடம் கேட்டார். மார்ச் மாதமே வழியனுப்பு அணிவகுப்பு நடந்தது. நமக்கும் அதில் சுயலாபம் உண்டு, இல்லேன்னு சொல்லலை. ஆனால் 'போங்க' என்று சொல்ல ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தார், சொன்னதும் போனோம்.

ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம். இலங்கைக்கு 1987 ஜூலையில் அமைதி காக்கப் போன அதே இந்தியப் படை, அக்டோபரில் சண்டையில் இறங்கியது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரேமதாசா 1989 ஜூனில் 'கிளம்புங்க' என்றார். கடைசி சிப்பாய் கப்பலேறியது 1990 மார்ச்சில். கூப்பிட்டது கொழும்பு, போகச் சொன்னதும் கொழும்பு. அடி வாங்கின ஜனத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்ப ஆப்கானிஸ்தானுக்கு வருவோம். 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் கையெழுத்து போட்டது அமெரிக்காவும் தாலிபானும். காபூல் அரசு அதில் இல்லவே இல்லை. ஆனால் காபூல் அரசின் ஜெயிலில் இருந்த 5,000 கைதிகள் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. அடுத்தவன் வீட்டுச் சாவியை நாம தூக்கிக் கொடுக்கற கதை. 2021 ஆகஸ்ட் 15-ல் தாலிபான் காபூலுக்குள். பெண் குழந்தைகளுக்கு ஹைஸ்கூல் கதவு மூடியது.

இன்னும் இருபது வருஷம் இருந்திருக்கணும்னு நான் சொல்லலை. வந்தது தப்பில்லை. யாரைக் கேட்டு வந்தார்கள் என்பதில்தான் தப்பு.

"ஊர்க்காரங்க ஒரே குரலில் பேசுவாங்களா? படை வச்ச பொம்மை அரசா இருந்தா?" என்று நண்பன் மடக்கினான். நியாயமான கேள்விதான். அதனால்தான் முதல் நாளே அந்த வேலையைத் தொடங்கணும்கறேன். எங்க வேலையில் ரோல்பேக் பிளான் இல்லாமல் புரொடக்ஷனில் ஒரு வரி கோடைக்கூட மாத்த விட மாட்டாங்க. சர்வர் விழுந்தால் நாலு பேர் திட்டுவாங்க, அவ்வளவுதான். அதுக்கே இத்தனை கெடுபிடி. ஒரு நாட்டுக்குள் டாங்கி ஓட்டிப் போறவங்களிடம், "யார் சொன்னா திரும்பி வருவீங்க?" என்று போகும்போதே கேட்க வேண்டாமா?

பதில் இல்லையா, போகாதீங்க. அவ்வளவுதான் நம்ம கட்சி. நீங்க என்ன நினைக்கறீங்க?