முதிராக் கற்காரை

வானளாவும் கட்டடங்களுக்கு வார்ப்புப்பலகையைத் தரையினின்று முட்டுக்கொடுத்துத் தாங்குதல் இயலாது. முன்பு வார்த்த சுவரிலேயே அதனைப் பூட்டி, மேலேறி, அடுத்த அடுக்கை வார்ப்பர். சுவரே ஏணி! அவ்வேணி இறுகிற்றா எனப் பாராது ஏறலாமோ?

1978 ஏப்பிரல் 27 அன்று, அமெரிக்க நாட்டின் மேற்கு வர்சீனியாவில், வில்லோ தீவு என்னும் ஊரில், எழும்பிக்கொண்டிருந்த குளிர்விப்புக் கோபுரத்தின் உச்சிச் சாரம் சரிந்தது. வினைஞர் 51 பேர் மாண்டனர். அச்சாரம் பற்றிநின்ற கற்காரைக்கு (கான்கிரீட்டு என மக்கள் வழங்குவது) அகவை ஒரே நாள்! குளிர்ப்பொழுதில் அது மெல்லவே இறுகும் என்பது கொத்தரும் அறிந்த செய்தி. எனினும், போதிய வலிமை பெறுமுன்னரே அதன்மேல் சுமை ஏற்றப்பெற்றதென்று பின்னர் நடந்த அரசாய்வு கண்டது.

நாளுக்கோர் அடுக்கு என்று நாள்முறை பார்த்து ஏறுவது பொறியியல் அன்று, பொறுப்பின்மை. அதே களத்தில், அதே குளிரில் இறுகிய ஆய்வுக்கட்டியை நசுக்கி வலிமை கண்ட பின்னரே, ஒவ்வோர் ஏற்றத்திற்கும் பூட்டவிழ்த்தல் வேண்டும்.