நாலாவது பக்கம் எங்கே பாஸ்?

சிவில் மக்களே, கொஞ்சம் கிட்ட வாங்க. மத்த டிபார்ட்மென்ட்காரங்களும் வரலாம்... ஃபார்முலா எதுவும் கிடையாது!

பாரிஸுக்கு வடக்கே ‘போவே’னு ஒரு ஊர். அங்கே இருக்கிற புனித பேதுரு பேராலயத்தை 1225-ல் கட்ட ஆரம்பிச்சாங்க. ஒரே லட்சியம்... உயரம்! பாரிஸ் நோட்ரடாமின் உள்கூரையே சுமார் 33 மீட்டர்தான். இவங்க பீடப் பகுதியின் கல் கூரையை 48 மீட்டருக்குக் கொண்டுபோனாங்க. பதினாறு மாடி உயரத்துல கல் வளைவு, அதுவும் கான்கிரீட் இல்லாத காலத்துல! 1272-ல் முடிச்சாங்க. 1284-ல் ஒரு பகுதி பொலபொலன்னு விழுந்துருச்சு. ஏன்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுறாங்க. அன்னிக்குக் கட்டினவங்க, தூண்களுக்கு நடுவே புதுசா தூண் நிறுத்தி, அதே உயரத்துக்குத் திரும்ப ஏத்தினாங்க. அத்தோட அடங்கினாங்களா? ம்ஹூம்!

இந்த மாதிரி சர்ச்செல்லாம் சிலுவை வடிவம். நடுச் சந்திப்புல நாலு பெரிய தூண். ஒரு பக்கம் பீடம், ரெண்டு பக்கம் சிலுவையின் கைகள், நாலாவது பக்கம் ஜனங்க கூடுற நீளமான கூடம். நாலும் சேர்ந்துதான் தூண்களைச் சாயாமப் பிடிச்சுக்கும். போவேல அந்தக் கூடத்தைக் கட்டவே இல்லை. அதுக்குள்ள சந்திப்பு மேல 153 மீட்டருக்குக் கோபுரம் ஏத்திட்டாங்க! 1569-ல் வேலை முடிஞ்சது. தூண்கள் மேற்கே சாயுறதைப் பார்த்த நிபுணர்கள், ‘முதல்ல அந்தப் பக்கம் முட்டுக் கொடுங்க’னு எச்சரிச்சாங்க. பேசிப் பேசியே நாள் ஓடுச்சு. 1573 ஏப்ரல் 30, இயேசு விண்ணேறிய திருநாள். பவனிக்காக ஜனங்க வெளியே வந்த நேரத்துல கோபுரம் அப்படியே சரிஞ்சது. நல்லவேளை, ஒரு உயிர்கூடப் போகலை.

என்னைக் கேட்டா, உயரத்துக்கு ஆசைப்பட்டதைத் திட்ட மாட்டேன். அந்த ஆசை இல்லேன்னா இந்தக் கட்டடமே ஏது? தெரிஞ்சும் தள்ளிப் போட்டாங்க பாருங்க... அதுதான் கடுப்பு!

1960-கள்ல வந்தவங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. வெளிப்புற முட்டுகளை இழுத்துப் பிடிச்சிருந்த பழைய இரும்புக் கம்பிகள் அழகைக் கெடுக்குதுன்னு கழட்டிட்டாங்க. காத்துக்கு முட்டுகள் ஆட ஆரம்பிச்சதும், எஃகுக் கம்பியைத் திரும்ப மாட்டினாங்க.

அந்தக் கூடம் வரவேண்டிய இடத்துல 10-ம் நூற்றாண்டு சர்ச் ஒண்ணு, குள்ளமா, பாதி உடம்போட இன்னும் நிக்குது. புதுசு வளர வளர அதை இடிச்சுக்கிட்டே வந்தாங்க. காசு தீர்ந்ததால மிச்சம் தப்பிச்சது. எப்பவாவது போவே போனீங்கன்னா, அது பக்கத்துல நின்னு அண்ணாந்து பாருங்க. கழுத்து வலிக்கு நான் பொறுப்பில்லை!