கேளாதவர் பங்கு

மாம்பழப் பருவம் பிறந்துவிட்டால் காவேரிப்பட்டினம் வட்டாரத்து மண்டிகளில் விலை பேசும் குரல் ஓய்வதில்லை. அக்குரல்களுள் பெண்களின் குரல் எத்தனை என்பதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். தோப்பில் களை எடுப்பவளும், காயைத் தரம் பிரிப்பவளும் பெண். நெசவாளர் வீட்டில் தார் சுற்றிக் கொடுப்பவளும் அவளே. ஆயினும் விலையும் கூலியும் பேசும் வேளையில் அவள் பின்னே நிற்கிறாள். “பெண்களுக்குப் பேரம் பேச வராது; அது பிறவிக் குணம்” என்று கூறி நாமும் அமைதி கொள்கிறோம்.

இக்கூற்று மெய்தானா? யூரி க்னீஸி, கென்னத் லெனார்ட், ஜான் லிஸ்ட் என்னும் பொருளாதார அறிஞர் மூவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை பகர்கிறது. டான்சானியா நாட்டு மசாய் மக்களிடையே ஆடவர் ஆதிக்கம் மிகுதி. நம் நாட்டு மேகாலயாவின் காசி மலைவாழ் மக்களிடையே குடும்பச் சொத்து கடைசி மகளுக்குச் சேரும். இரு சாராரிடமும் வாளியில் பந்தெறியும் ஒரு விளையாட்டை வைத்தனர். விழுந்த பந்து ஒவ்வொன்றுக்கும் உறுதியான கூலி பெறலாம். அல்லது மற்றொருவருடன் போட்டியிட்டு, வென்றால் மும்மடங்கு பெறலாம். மசாய் ஆடவருள் 100க்கு 50 பேர் போட்டியை விரும்பினர். பெண்களுள் 26 பேரே விரும்பினர். காசிப் பெண்களுள் 54 பேரும், ஆடவருள் 39 பேரும் விரும்பினர். ஆகவே துணிவைப் பிறப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. வளர்க்கும் வழக்கமும் முடிவு செய்கிறது.

போட்டி வேறு, பேரம் வேறு எனச் சிலர் கூறலாம். ஆண்ட்ரியாஸ் லீப்ரான்ட் என்பாருடன் லிஸ்ட் 2015இல் வெளியிட்ட ஆய்வு பேரத்தையே பற்றியது. அமெரிக்காவில் வேலை தேடிய ஏறத்தாழ 2,500 பேரைக் கொண்டு அது நடந்தது. சம்பளம் பேசலாம் என்று விளம்பரம் கூறாதபோது ஆடவரே மிகுதியாகப் பேசினர். ‘பேசலாம்’ என வெளிப்படையாக எழுதியபோது அவ்வேற்றுமை மறைந்தது.

அழுத பிள்ளைக்கே பால் என்பது உலக வழக்காக இருக்கலாம். கூட்டுறவின் நெறி அதுவன்று. கேளாதவர் மனநிறைவு உடையவர் என்று கொள்வது நியாயமாகாது.

எனவே, சங்கங்கள் மூன்று காரியங்கள் செய்தல் வேண்டும். கொள்முதல் விலையையும் கூலி விகிதத்தையும் வாயிலில் எழுதி, ‘இதுபற்றி அங்கத்தினர் எவரும் பேசலாம்’ என்றும் சேர்த்து எழுதுக. மாங்கூழ் ஆலையாருடன் விலை பேசச் செல்லும் குழுவில் பெண்களையும் அமர்த்துக. தார் சுற்றும் கூலியைத் தனியே கணக்கிட்டு, உழைத்தவள் பெயரிலேயே பற்று எழுதுக.

“ஒரு வீட்டுப் பணந்தானே, யார் பெயரில் எழுதினால் என்ன?” என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. ஒரே பணமாயின், அவள் பெயரில் எழுதுவதால் நமக்கு நேரும் நட்டம் யாது? பதிவேட்டில் பெயரில்லாதவள் எந்த உரிமையைக் கொண்டு குறைந்த கூலிக்குக் காரணம் கேட்பாள்? அடுத்த மகாசபையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.