ஈரலும் இடுப்பு வலியும்

அச்சம் மிகும்போது ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்கிறோம். நடுங்குவதாகச் சொல்லப்படும் அவ்வுறுப்போ மிகப் பொறுமையானது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல், பெரும்பகுதி பழுதுபடும் வரையிலும் வலி என்று முறையிடுவதில்லை. மது அதனைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. மதுவைத் தொட்டறியாத வீடுகளிலும் அது கெடுகிறது என்பதைத்தான் நாம் பேசுவதில்லை.

ஏலம் ஏலத்துக்கு வரும் ஊர் போடிநாயக்கனூர். விடியும் முன்பே தொழிலாளர்கள் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். அவர்களுள் பெண்கள் மிகுதி. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய்ப்பது என்னவோ தூரடியில், மண்ணை ஒட்டிய சரங்களில்தான். நாளெல்லாம் குனிந்தே காய் பறிக்க வேண்டும். மாலையில் அவர்களோடு இடுப்பு வலியும் மலையிறங்குகிறது. மருத்துவரிடம் சென்றால் ஒருநாள் கூலி போகும். ஆகவே கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது பழக்கமாகிவிடுகிறது.

இப்பழக்கத்துக்கே நான் மிகவும் அஞ்சுகிறேன். பாராசிட்டமால் அளவோடு உண்டால் நல்ல மருந்து. நலமான பெரியவர்க்கும் ஒருநாளில் 4 கிராம் என்பது தாண்டக்கூடாத எல்லை. இம்மருந்தைக் கல்லீரல் சிதைக்கையில் சிறிதளவு நச்சுப்பொருள் தோன்றுகிறது. ஈரலிலுள்ள குளுட்டாதயோன் அதனை உடனுக்குடன் செயலிழக்கச் செய்கிறது. வேளைக்கு உண்ணாமல் மெலிந்தவரிடமும், நாள்தோறும் மது அருந்துபவரிடமும் அக்காவற்பொருள் குறைந்திருக்கும். எல்லையும் அவர்களுக்குச் சுருங்கிவிடும். உடல்வலிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என வாங்கும் மூன்று மாத்திரைகளிலும் இதே மருந்து ஒளிந்திருக்கக்கூடும். பெயர்கள் வேறு, ஈரல் ஒன்றுதான்.

மாணவர்களாகிய உங்கள் பங்கும் இதில் உண்டு. குளிர்பானத்தின் மிகைச் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தன்னுள்ளேயே சேர்த்துக்கொள்கிறது. ஆறுதலான செய்தி, உடல் பருத்தவர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே அக்கொழுப்பு கரையத் தொடங்கும்.

கண் மஞ்சளித்தால் நம்மவர் முதலில் தேடுவது கீழாநெல்லியை. அதனை இகழ்வதற்கில்லை. 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் பிறரும் இணைந்து, ஹெபடைட்டிஸ் பி தீநுண்மி மீது அம்மூலிகையின் விளைவை ஆராய்ந்து ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். முடிவு நம்பிக்கையளித்தது, பின்னர்ப் பிறவிடங்களில் நடந்த ஆய்வுகள் சிலவற்றில் அப்பயன் காணப்படவில்லை. அன்றியும், மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறி. தீநுண்மியாலும் வரும், பித்தக்கல்லாலும் வரும், மாத்திரையாலும் வரும். மாத்திரையால் வந்த காமாலைக்கு மூலிகை அரைத்துக் குடித்துக்கொண்டே, அதே மாத்திரையையும் விழுங்குபவரை என்னென்பது? எதனால் வந்தது என்பதை மருத்துவப் பரிசோதனையே காட்டும்.

மாத்திரை அட்டையின் பின்புறத்தில் மருந்தின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் அச்சிடப்படுகிறது. அதனை விழுங்குபவர் படிக்கக்கூடிய மொழியில் அச்சிடுவதே முறை என்பது என் கருத்து. அதுவரை, வீட்டில் படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தாம். இன்றிரவு அம்மாவின் சுருக்குப்பையிலுள்ள அட்டைகளை வாங்கி, விளக்கடியில் வைத்து, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள்.