ஹைதராபாத் மாநகராட்சிக் கணக்கை வார்டில் வாசியுங்கள்

"மாமன்றத்தைக் கூட்டினால் கூச்சல்தான் மிச்சம். அதிகாரிகளும் நிலைக்குழுவும் அறைக்குள் உட்கார்ந்து முடிவெடுப்பதால்தான் ஹைதராபாத்தில் மேம்பாலம் எழும்புகிறது. தப்பு செய்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் பார்த்துக்கொள்வார்கள்." பத்மாராவ் நகரில் தலைமுறைகளாக வாழும் நம் தமிழர்களும் இப்படிச் சொல்கிறார்கள், ஹைடெக் சிட்டிக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் சொல்கிறார்கள். இந்த வாதத்தில் ஒரு பகுதிகூட நிற்காது.

கூச்சலையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2025 ஜனவரி 30 அன்று நடந்த மாமன்றக் கூட்டத்தில் பதாகைகள் எழுந்தன, காகிதங்கள் கிழிந்தன, கார்ப்பரேட்டர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்கள். எதிர்க்கட்சியினர் வெளியேற்றப்பட்டார்கள். அந்த அமளிக்கு நடுவே 8,440 கோடி ரூபாய் பட்ஜெட் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. வெட்கக்கேடுதான். ஆனால் அந்த பட்ஜெட் 15 பேர் கொண்ட நிலைக்குழுவில் முன்பே ஒப்புதல் பெற்று வந்தது. 150 வார்டுகளின் பிரதிநிதிகளுக்கு மிஞ்சியது கைதூக்குவதும் கத்துவதும்தான். அறைக்குள் முடித்துவிட்டு மன்றத்தைச் சடங்காக்கினால் கூச்சல்தான் வரும். அந்தக் கூச்சலையே காரணம் காட்டி இன்னும் அதிகமாகக் கதவைச் சாத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது வேகம். 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசைன் சாகர் கரையில் ஃபார்முலா இ கார் பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்காக, பெருநகர வளர்ச்சி ஆணையமான எச்.எம்.டி.ஏ.விலிருந்து சுமார் 55 கோடி ரூபாய் போனது. உரிய ஒப்புதல்கள் இல்லாமல் போனதாக 2024 டிசம்பரில் ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிந்தது. அதில் குற்றம்சாட்டப்பட்ட முன்னாள் அமைச்சர் கே.டி. ராமராவ் குற்றச்சாட்டை மறுக்கிறார். அதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். பணம் போனதும் 2024 பந்தயம் நடக்காமல் போனதும் யாராலும் மறுக்க முடியாதவை. எல்லோர் முன்னிலையிலும் விவாதித்து, முறையாக ஒப்புதல் பெற்ற ஒப்பந்தமாக இருந்திருந்தால், ஆட்சி மாறியதும் புதிய அரசு அதை அவ்வளவு எளிதில் கைகழுவியிருக்க முடியாது. வேகத்தின் பெயரால் கிடைத்தது இந்த வழக்கு ஒன்றுதான்.

"பணம் வீணாவது கீழ்மட்ட ஊழியரால், மேலிடத்து முடிவுகளால் அல்ல" என்பது மூன்றாவது வாதம். 2020 அக்டோபர் வெள்ளத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வெள்ளம் பாதித்த குடும்பங்களுக்குத் தலா 10,000 ரூபாய் என்று அறிவித்து, 550 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மனிதாபிமானமான அறிவிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பணம் ரொக்கமாகத் தெருவில் கைக்குக் கை மாறியது. பாதித் தொகைதான் கைக்கு வந்தது என்றும், தண்ணீரே புகாத மாடி வீட்டுக்குக் கிடைத்தது, மூழ்கிய வீட்டுக்குக் கிடைக்கவில்லை என்றும் வார்டுக்கு வார்டு புகார் எழுந்தது. பிறகு மீ சேவா மையங்களில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். நம்மூர் இ-சேவை மையம் போன்றவை அவை. ஆதார் நகலோடு பெண்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள். நவம்பர் 18 அன்று, மாநகராட்சித் தேர்தலைக் காரணம் காட்டி மாநிலத் தேர்தல் ஆணையம் விநியோகத்தை நிறுத்தியது. கீழ்மட்டத்தில் யாரோ கமிஷன் அடித்திருக்கலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுப்பது என்று முடிவெடுத்தது கீழ்மட்டமா? பயனாளிகள் பட்டியலை வார்டில் முதலில் வாசித்து, ஆட்சேபம் கேட்டபிறகு வங்கிக் கணக்கில் போட்டிருந்தால், திருட வந்தவனுக்கு வழியே இருந்திருக்காது.

"கணக்கெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரியாது" என்பதுதான் எனக்கு மிகுந்த கோபம் தரும் வாதம். 2018 பிப்ரவரியில் இதே மாநகராட்சி 8.9 சதவீத வட்டிக்குப் பத்திரம் வெளியிட்டு 200 கோடி ரூபாய் கடன் திரட்டியது. அதற்காகத் தன் வரவு செலவைத் தர நிர்ணய நிறுவனங்களிடமும் முதலீட்டாளர்களிடமும் விரித்து வைத்தது. கடன் கொடுப்பவருக்குக் காட்டும் கணக்கைச் சொத்து வரி கட்டுபவருக்குக் காட்ட மட்டும் ஏன் தயக்கம்? புரியாது என்பதும் பொய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஊர்மக்கள் முன்னிலையில் வருகைப் பதிவேட்டை வாசித்துச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை 2006இல் அனந்தபூர் மாவட்டத்தில் பெரிய அளவில் நடந்தது. அதை அன்றைய ஒன்றுபட்ட ஆந்திர மாநிலம் முழுக்க நடத்த 2009இல் தனி அமைப்பே உருவானது, அதுவும் ஹைதராபாத்தில். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளிகள், தாங்கள் போகாத வேலைக்குத் தங்கள் பெயரில் கூலி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவர்களால் முடிந்தது நகரவாசியால் முடியாதா?

கடைசியாகத் தேர்தல். 2020 டிசம்பரில் இந்த நகரத்தில் வாக்களித்தவர்கள் 47 சதவீதம்கூட இல்லை. அதற்கு முன், 2014 டிசம்பர் முதல் 2016 பிப்ரவரி வரை, மன்றமே இல்லாமல் தனி அதிகாரியின் கையில் மாநகராட்சி இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லும் அந்த நாளும் நிச்சயமில்லை. வந்தாலும், எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவானது என்று தெரியாமல் எதை எடைபோட்டு ஓட்டுப் போடுவது?

மூன்று லட்சம் பேரோ அதற்கு மேலோ வாழும் நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த, வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்தார். அங்கும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை, தொடக்கமாவது இருக்கிறது. ஹைதராபாத்தில் கணக்கை ஒட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. 2023 ஜூனில் வார்டுக்கு ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதன் சுவரில் பணிகளின் பட்டியலையும் ஒப்பந்தத் தொகையையும் ஒட்டுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. தானாக வெளியிடும்படி தகவல் உரிமைச் சட்டத்தின் 4வது பிரிவே கட்டளையிடுகிறது.

ஒட்டும்வரை காத்திருக்க வேண்டாம். பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். உங்கள் வார்டில் இந்த ஆண்டு நடந்த பணிகள், தொகை, ஒப்பந்ததாரர், செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். வந்ததும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள், கார்ப்பரேட்டரையும் அழைத்து எதிரில் உட்கார வையுங்கள்.